வடக்குப் பார்த்த மூடி

பாப்பா,

கொள்ளிடம் பாலத்தைத் தாண்டியதும் நீ கொடுத்த மிஸ்டு கால் வந்தது. முசிறி வந்ததும் இன்னொன்று தருவதாகச் சொல்லியிருந்தாய். அது இன்னும் வரவில்லை. நீ கிளம்பும்போது இருட்டு பிரிந்திருக்கவில்லை. இப்போது வெயில் வாசலில் நிற்கும் என் மொபெட்டின் சீட் வரைக்கும் வந்துவிட்டது. முசிறி என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? உன் அம்மா இரண்டு தடவை வெளியே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். போன் கையில்தான் இருக்கிறது. அழைத்தால் எடுத்துவிடுவாய். ஜீப்பை ஓட்டிக்கொண்டே எடுத்து, "சொல்லுங்கப்பா" என்று சிரிப்பாய். அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு மணல் லாரி வரும். அதனால் அழைக்க மாட்டேன். சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வண்டி ஓட்டும் பிள்ளையைப் பெற்றவர்கள் ஊரில் நான் ஒருவன் மட்டும் இல்லையே.

உன் அப்பன் செய்ததெல்லாம் நின்ற இடத்தில் நிற்கும் சாமான்கள். கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, கொஞ்ச காலம் பீரோ. உறையூர்ப் பட்டறையில் வெல்டிங் ராடு பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இதே வேலைதான். நான் செய்த கேட் யாரையும் துரத்திக்கொண்டு போனதில்லை. காலையில் எங்கே மாட்டினேனோ, சாயங்காலமும் அங்கேதான் இருக்கும். ஆனாலும் அவற்றை நினைத்தே எனக்குப் பயம். டவுன் பஸ்ஸில் போகும்போது நான் மாட்டிய கேட் எதுவும் வந்தால் ஜன்னல் வழியாகக் குனிந்து கீலைப் பார்ப்பேன். கொஞ்சம் தொங்கியது போலத் தெரிந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்து, வீட்டுக்காரர் பார்க்காத நேரத்தில் கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவேன். ஒரு தடவை, "யாருய்யா அது, பட்டப்பகல்ல கேட்ட ஆட்டிக்கிட்டு நிக்கறது?" என்று மாடியிலிருந்து ஒரு அம்மா சத்தம் போட்டார். நான்தான் செய்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டு ஓடி வந்தேன்.

பட்டறைக்கு யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி உனக்குத் தெரியும். நீளம், அகலமெல்லாம் பிறகுதான். "வாசல் எந்தப் பக்கம்ங்க?" என்பேன். கேட் என்றால் எந்தத் திசையில் நிற்கிறது, பீரோ என்றால் எந்தத் திசையைப் பார்த்துத் திறக்கிறது, இதைக் கேட்காமல் நான் ஒரு துண்டு இரும்பு ஆங்கிள் வெட்டியதில்லை. அங்கே வருகிறவர்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பீரோ தெற்குச் சுவரில் சாய்ந்து வடக்கைப் பார்த்துத் திறந்தால் அவர்களுக்குத் திருப்தி. கீல் எந்தப் பக்கம் என்பதை வீட்டின் திசைதான் முடிவு செய்யும். இது என் கையில் ஊறிப்போன பழக்கம். இந்தப் பழக்கம்தான் போன மாதம் உன்னை ஆற்றில் தள்ளப் பார்த்தது.

என் பயத்தை நீ சின்ன வயதிலிருந்தே கேலி செய்வாய். கேலிக்கு இடம் கொடுத்தவன் நான்தான். ஸ்கூலில் முக்கொம்பு அணைக்கு உங்களை அழைத்துப் போனபோது, அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே மொபெட்டில் வந்தேன். நீ கடைசி சீட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்துவிட்டாய். கையை ஆட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில், "அப்பா, நீங்க எதுக்குத்தான் பயப்படல, அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாய். உன் அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள். நானும் சிரித்தேன். ஆனால் பதில் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

நம் வீட்டு கேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பெரிய கதவும் சின்னக் கதவுமாக இரட்டைக் கேட் என்பது உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. உனக்கு நடை வந்த புதிதில், இரண்டு கதவுக்கும் நடுவில் இருந்த சந்தில் நுழைந்து நேராகத் தெருவுக்கு ஓடிவிட்டாய். பால்காரர் சைக்கிளைச் சாய்த்துப் போட்டுவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். மறுநாள் காலை பட்டறையிலிருந்து வெல்டிங் மிஷினையே வீட்டுக்கு எடுத்து வந்து, சின்னக் கதவைத் தூணோடு சேர்த்து வைத்து மேலே ஒன்று, கீழே ஒன்று பற்ற வைத்துவிட்டேன். தாழ்ப்பாள் போட்டிருக்கலாம். சங்கிலி போட்டிருக்கலாம். நான் பற்றத்தான் வைத்தேன். அன்றிலிருந்து அது கதவு இல்லை, சுவர். மேலே பெயின்ட் அடித்து அடித்து, திறக்கிற சாமான் என்பதே எல்லாருக்கும் மறந்துபோனது.

சும்மா பயப்படுகிறவன் என்று என்னை நினைக்காதே. ஒரு தெருவில் இன்னொருவர் மாட்டிய கேட் ஒன்றை அது விழுந்த காலையில் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், முழுத் தகடு. அந்த வீட்டுப் பெண் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள், மாவு தீர்ந்துவிட்டது என்று உள்ளே போயிருக்கிறாள். கீல் விட்டு கேட் முன்னால் சாய்ந்திருக்கிறது. நான் போனபோது பாதிக் கோலம் வெளியே தெரிந்தது, மீதி கேட்டுக்கு அடியில் இருந்தது. அவள் மாவுக் கிண்ணத்தைப் பிடித்தபடியே நின்றாள், அழக்கூட இல்லை. அந்தக் கேட்டை மாட்டியவர் நல்ல வேலைக்காரர். எனக்கு அவரைத் தெரியும். நல்ல வேலைக்காரர் மாட்டினாலும் விழும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு எந்தக் கீலையும் நான் நம்பியதில்லை.

இப்படிப்பட்டவனிடம் வந்துதான் நீ டிரெய்லருக்கு மூடி கேட்டாய். மேடை அலங்காரத் தொழில் என்று நீ ஆரம்பித்தபோதே எனக்குப் பயம்தான். பழைய ஜீப் வாங்கியபோது இன்னும் பயம். அதன் பின்னால் கொக்கி மாட்டி இரண்டு சக்கரப் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு போகப் போகிறேன் என்றபோது இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போன சித்திரையில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் மழை பிடித்து, தார்ப்பாய்க்குள் தண்ணீர் இறங்கி, மேடைத் துணி அத்தனையும் சாயம் போய், சாமந்திக் கூடையெல்லாம் ஊறிப்போயின. ஆடி பிறந்ததும் வந்தாய். "அப்பா, ஆடில கல்யாணம் இல்ல. இந்த ஒரு மாசந்தான் வண்டி சும்மா நிக்கும். பெட்டிக்கு கீல் வச்ச மாதிரி ஒரு மூடி போட்டுக் குடுங்க. கார் டிக்கி மாதிரி தூக்கணும், மூடணும், பூட்டணும்" என்றாய். வேறு பட்டறைக்குப் போ என்று சொல்லியிருக்கலாம். உன்னை வேறொருவன் செய்த மூடியோடு ரோட்டில் அனுப்பிவிட்டு நான் எப்படித் தூங்குவது? சரி என்றேன்.

சரி என்ற கையோடு நான் என்ன கேட்டேன், நினைவிருக்கிறதா? "வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிக்கும் பாப்பா?" என்று கேட்டேன். நீ யோசிக்காமல், "வாசல்லதான் நிக்கும், வீட்டப் பார்த்து" என்றாய். தெருவில் ஜீப்பைக் கழற்றிவிட்டு, கொக்கியைப் பிடித்துப் பெட்டியைக் கையாலேயே உள்ளே இழுத்து வருவாயே, அப்படித்தான் நிற்கும். கேட் தெற்கில், வீடு வடக்கில். பெட்டியின் முன்பக்கம் வடக்கே. உள்ளேயிருந்து உன் அம்மா குரல் கொடுத்தாள். "பூ, மஞ்சள், கல்யாணச் சாமான் எல்லாம் வைக்கிற பெட்டிங்க. தெக்கப் பார்த்து வாயத் திறக்கக் கூடாது. வடக்கதான் திறக்கணும்." சரி, வடக்கே திறக்கட்டும் என்று கீலைத் தெற்குப் பக்கம் வைத்தேன். அதாவது வண்டியின் பின்பக்கம். மூடி திறக்கிற வாய் முன்பக்கம், ஜீப்பைப் பார்த்து. நானும் தலையாட்டினேன், உன் அம்மாவும் தலையாட்டினாள், நீயும் தலையாட்டினாய். மூன்று பேரில் ஒருவருக்குக்கூட அந்தப் பெட்டி ஓடும் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. அது ஒரு பீரோ என்றே நினைத்துவிட்டோம்.

மூடியை நன்றாகத்தான் செய்தேன். ஸ்கொயர் பைப்பில் சட்டம், மேலே ஜி.ஐ. தகடு, தண்ணீர் வழிய நடுவில் லேசான மேடு, சுற்றிலும் தண்ணீர் புகாமல் இருக்க ரப்பர் பீடிங். தூக்கினால் தலையில் விழக் கூடாது என்று முட்டுக் கம்பி ஒன்று வைத்தேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போதே அந்தக் கம்பி நழுவி, நீ குனிந்து பூக்கூடை எடுக்கும்போது கழுத்தில் மூடி இறங்குவதாக நினைப்பு வந்தது. பாதியில் எழுந்து போய் இன்னொரு கம்பி வைத்தேன். விரல் நசுங்கக் கூடாது என்று ஓரத்தையெல்லாம் மடித்து உருட்டினேன். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் என்று உள்பக்கமும் ஒரு கைப்பிடி வைத்தேன். "பூவுக்குள்ள யாருப்பா போய் படுத்துக்கப் போறா?" என்று சிரித்தாய். இத்தனை பயத்தையும் பட்டுத் தீர்த்தவனுக்கு, பட வேண்டிய ஒரு பயம் மட்டும் கண்ணில் படவில்லை.

பட்டறையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு நீ வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பினாய். நான் மொபெட்டில் பின்னால் வந்தேன். ஆடிக் காற்று. காவிரிப் பாலத்தில் ஏறும்வரை ஒன்றும் இல்லை. ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் மூடியின் முன் ஓரம் ஒரு தடவை தூக்கிப் போட்டது. என் கண்தான் அப்படிப் பார்க்கிறது என்று நினைத்தேன். அடுத்த தடவை சத்தமே கேட்டது. மேற்கிலிருந்து ஆற்றுக் காற்று, வண்டி போகிற வேகத்தில் எதிர்க் காற்று, இரண்டும் அந்தத் திறந்த வாய்க்குள் புகுந்து மூடியை மேலே நெம்பின. இரண்டு தாழ்ப்பாளில் ஒன்று பிடுங்கிக்கொண்டது. மூடி ஒரு பக்கம் எழுந்து எழுந்து விழுந்தது. நான் ஹார்ன் அடிக்கிறேன், அந்த மொபெட் ஹார்ன் எனக்கே கேட்கவில்லை. பின்னால் டவுன் பஸ். மிச்சம் இருக்கிற ஒரு தாழ்ப்பாள் விட்டால் மூடி கீலோடு பிய்த்துக்கொண்டு முழுசாகப் பறந்து வரும். நேராக எனக்கு வந்தால் பரவாயில்லை, நான்தானே செய்தேன் என்றுகூட நினைத்தேன். ஆனால் எனக்கும் உனக்கும் நடுவில் ஒரு பைக்கில் புருஷனும் பெண்டாட்டியும் போய்க்கொண்டிருந்தார்கள்.

மூடி வரவில்லை. மூடி எழுந்த சந்து வழியாக, பெட்டியில் கிடந்த உன் வெள்ளை மேடைத் துணி ஒன்று வெளியே வந்தது. காற்றில் ஒரு தடவை புரண்டு அந்தப் பெண்ணின் முகத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது. அவள் கத்தினாள், பைக் ஆடியது, கைப்பிடிச் சுவர் ஓரமாக உரசிக்கொண்டு போய் நின்றது. பாலத்துக்குக் கீழே தண்ணீர் இரு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. நீயும் கண்ணாடியில் பார்த்து நிறுத்திவிட்டாய். அந்த மனிதர் இறங்கி வந்து, "ஏம்மா, துணி வந்துச்சு சரி, அந்தத் தகடு வந்திருந்தா? எங்க ரெண்டு பேருக்கும் தலை இருந்திருக்குமா?" என்றார். திட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். நீ, "மன்னிச்சிடுங்கண்ணா, மன்னிச்சிடுங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அவர் மனைவி அந்தத் துணியை முனையோடு முனை சேர்த்து மடித்து, உன் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். மொபெட்டில் கிடந்த கயிற்றை எடுத்து மூடியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினோம். பிடித்துக்கொண்டிருந்த தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன், வளைந்துபோயிருந்தது. இன்னொரு உதறலுக்குத் தாங்கியிருக்காது பாப்பா.

வீட்டுக்கு வந்ததும் நான் கத்திய கத்தலைத் தெருவே கேட்டது. மூடியும் வேண்டாம், டிரெய்லரும் வேண்டாம், தொழிலே வேண்டாம் என்றேன். என்னென்னவோ சொன்னேன். நீ தண்ணீர் குடித்துவிட்டு, "ஒரு துணி பறந்துச்சு, அவ்வளவுதானப்பா. கயிறு கட்டிக்கிட்டா போச்சு" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு அடக்க முடியாத கோபத்தைக் கொடுத்தது. இவளுக்குப் பயம் என்ற ஒன்றையே நாம் மிச்சம் வைக்கவில்லை, எல்லாப் பயத்தையும் நாமே பட்டுத் தீர்த்துவிட்டோம், அதனால்தான் பாலத்தில் நடந்தது இவளுக்கு உறைக்கவில்லை என்று நினைத்தேன். கீலை முன்பக்கம் மாற்றினால் காற்று மூடியை அழுத்தத்தான் செய்யும், தூக்காது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் உன் அம்மா, "அப்ப தெக்கப் பார்த்துல்ல திறக்கும்? ஆடில இப்படி நடந்ததுக்கு மேலயும் தெக்கால திறக்கச் சொல்றீங்களா?" என்று அழ ஆரம்பித்தாள். அவளுடைய பயமும் பயம்தானே. அவளோடு என்னால் வாதாட முடியவில்லை.

நீதான் வாசலில் நின்று பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "கீல முன்னாடி வைங்கப்பா. நான் வண்டிய ரிவர்ஸ்ல உள்ள விடறேன். அப்ப பின்பக்கம் வடக்க வந்துடும், அம்மா கேக்கற மாதிரி திறக்கும்" என்றாய். எனக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் செய்த எந்தச் சாமானும் திரும்பி நின்றதில்லை. திருப்பி நிறுத்தலாம் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டைப் பார்த்து, "மூடி ஏறுன அப்புறம் கையால தள்ள முடியாது. ஜீப்போட ரிவர்ஸ்ல வரணும்னா அந்தச் சின்னக் கதவும் திறக்கணுமே" என்றாள். நான், "பார்க்கலாம்" என்றேன்.

மறுநாள் மூடியைக் கழற்றி ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன், வெறும் பெட்டியை நீ இழுத்து வந்தாய். கீலை முன்பக்கம் மாற்றினேன். மூன்று கீல் இருந்த இடத்தில் நான்கு. தாழ்ப்பாளைத் தூக்கி எறிந்துவிட்டு, லாரிப் பின்கதவுக்குப் போடுகிற அழுத்திப் பூட்டும் கொக்கிகளை வைத்தேன். திரும்பவும் அதே பாலம், அதே ஆடிக் காற்று, திரும்பவும் நான் பின்னால். மூடி அசையவில்லை. பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்திவிட்டு நான் கொஞ்ச நேரம் வாந்தி எடுத்தேன். அது உனக்குத் தெரியாது. வண்டி மட்டும் இன்றைக்கு நீ கிளம்பும்வரை தெருவில்தான் நின்றது. "எப்பப்பா கேட்ட வெட்டுவீங்க?" என்று நீ கேட்கும்போதெல்லாம், வெட்டுகிற மிஷின் ரிப்பேர், அதற்கு டிஸ்க் இல்லை என்று ஏதாவது சொன்னேன். மிஷின் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. முந்தாநாளே பட்டறையிலிருந்து கொண்டு வந்துவிட்டேன். எடுக்கத்தான் கை வரவில்லை.

இன்று ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு நாமக்கல் போகிறாய். உன்னோடு வேலை செய்யும் செல்வியும் கூட இருக்கிறாள் என்பதில் கொஞ்சம் நிம்மதி. ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் மேடை கட்டுகிற உன்னிடம் உன் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது என்று உன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் எடுக்கவில்லை. சொல்ல வேண்டியது வேறு. டோல்கேட் தாண்டியதும் ரோடு மேற்கே திரும்பிவிடும். தொட்டியம் வரைக்கும் காவிரிக் கரை, வழி முழுக்க எதிர்க் காற்று. வாழைத் தோப்பையே படுக்க வைக்கிற காற்று அது. எங்கே நிறுத்தினாலும் இறங்கி ஒரு தடவை பின்னால் போய்ப் பார். முட்டுக் கம்பி இரண்டையும் போடாமல் தலையை உள்ளே நீட்டாதே. செல்வி அவசரப்படுத்தினாலும் போடு. பின்னால் வருகிறவன் தலைக்கும் நீதான் பொறுப்பு. பைக்கில் வருகிற யாருக்கும் அந்த மூடி என் பெண் வண்டி மூடி என்று தெரியாது, நம்பித்தான் பின்னால் வருவார்கள். புத்திமதி என்று நான் சொல்வதற்கு இவ்வளவுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இன்னும் மிஸ்டு கால் வரவில்லை. உன் அம்மா காபி வைத்துவிட்டுப் போனாள், ஆறிவிட்டது. நான் போட்ட நான்கு கீலையும் மனசுக்குள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன். மூன்றாவது கீல் பற்ற வைக்கும்போது கரண்ட் கொஞ்சம் இறங்கி ஏறியது. ஆறிய பிறகு சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், சத்தம் சரியாகத்தான் இருந்தது. சரியாகத்தான் இருந்ததா? தட்டியது மூன்றாவதா நான்காவதா? மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்துவிட்டேன். சாவி எங்கே என்று கேட்டால் உன் அம்மா தர மாட்டேன் என்கிறாள். "போயி என்ன செய்யப் போறீங்க? முக்கொம்புக்குப் போன மாதிரி பின்னாடியே போகப் போறீங்களா?" என்கிறாள். ஆம்புலன்ஸ் சத்தம் ஒன்று கேட்டது. அது டவுன் பக்கம் போகிறது, முசிறிப் பக்கம் இல்லை. அதை நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைக்காகப் போகிற வண்டி அது, நான் அதற்குச் சந்தோஷப்படுகிறேன். பயம் மனிதனை இந்த லட்சணத்தில் வைத்திருக்கிறது.

பாப்பா, மேலே எழுதியதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய், இப்போதுதான் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீ அழைத்தாய். மிஸ்டு கால் இல்லை, நிஜமாகவே அழைத்தாய். என் கையில் போன் நழுவி, ஸ்பீக்கர் தட்டுப்பட்டு, உன் குரல் வாசல் முழுக்கக் கேட்டது. "அப்பா, முசிறிலதான் நிக்கறேன். பயந்துட்டீங்களா? டீக்கடை ஓரமா நிறுத்திட்டு இறங்கிப் பார்த்தேன்ப்பா. நாலு கீலயும் கைய வச்சு அழுத்திப் பார்த்தேன். நீங்க கேட்டுக்கெல்லாம் செய்வீங்கல்ல, அந்த மாதிரி. ஒண்ணும் அசையல." பிறகு மெதுவாகச் சொன்னாய். "அன்னிக்குப் பாலத்துல எனக்கும் உயிரே இல்லப்பா. அந்தக்கா முகத்துல துணி சுத்தினது இன்னும் கண்ணுலயே நிக்குது. நான் பயந்தேன்னு சொன்னா நீங்க இன்னும் பயந்துடுவீங்கன்னுதான் சிரிச்சேன்." அப்புறம், "முக்கொம்புக்குப் போனப்பகூட, நீங்க பின்னாடி வரீங்களான்னு பார்க்கத்தான் நான் கடைசி சீட்ல உக்காந்தேன்" என்றாய். அவ்வளவுதான், வைத்துவிட்டாய். உன் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உன்னிடம் பயமே இல்லை என்று நினைத்து நான் எத்தனை நாள் உன்னைக் கோபித்துக்கொண்டேன்! நீ பயத்தையும் பட்டு, என்னைச் சிரிக்கவும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். இது தெரிந்த பிறகு என் பயம் குறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி திரும்பி வரும்போது பெட்டி காலியாக இருக்கும், காலிப் பெட்டி இன்னும் அதிகமாகத் துள்ளும். அதை இப்போதே நினைக்க ஆரம்பித்துவிட்டேன். ஆனால் பின்னால் மொபெட் இல்லாவிட்டாலும் பின்னால் திரும்பிப் பார்க்கிற ஒருத்தி அந்த வண்டியில் இருக்கிறாள் என்று தெரிகிறது.

கட்டிலுக்கு அடியிலிருந்து மிஷினை எடுத்தேன். உன் அம்மா ஒயரை ஜன்னல் வழியாக நீட்டி பிளக்கில் சொருகினாள். சின்னக் கதவின் மேல் பற்று சீக்கிரம் விட்டது. கீழ்ப் பற்றுதான் விடவில்லை, அன்றைக்கு அவ்வளவு கெட்டியாகப் போட்டிருக்கிறேன். தெருவில் போகிறவர்கள் பொறி பறப்பதைப் பார்த்து நின்று, "என்னங்க, கேட்ட எடுக்கறீங்களா?" என்று கேட்டார்கள். "இல்ல, திறக்கறோம்" என்றாள் உன் அம்மா. கடைசியில் விட்டது. துருப்பிடித்த கீலுக்கு எண்ணெய் விட்டு, இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். சத்தம் போட்டுக்கொண்டு, சிமென்ட் தரையில் ஒரு அரைவட்டக் கோடு கிழித்துக்கொண்டு திறந்தது.

ராத்திரி வரும்போது இரண்டு கதவும் திறந்திருக்கும். தெருவில் நிறுத்தாதே. ரிவர்ஸில் நேராக உள்ளே வா. ஜீப்பின் மூஞ்சி தெருவைப் பார்த்துத்தான் நிற்கும், நாளைக்குக் காலையில் அப்படியே கிளம்பிப் போகலாம். நான் பின்னால் நின்றுகொண்டு, "வா, வா, நிறுத்து, நிறுத்து" என்று கத்த மாட்டேன். வாசல் விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். நீ இன்ஜினை நிறுத்திய சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வருவேன். உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அதுவரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு இரு என்று.

அப்பா